பாதிவழி

இரவு றெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவி முடித்து ரூஜிலுள்ள பேஸ்மென்ற் அறைக்குத் திரும்பினால், 'ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்' இணைய விளையாட்டில் நான் கொல்லன். தாதுக் கல்லை வெட்டி, உருக்கி, பட்டடையில் வைத்து அடிப்பேன். ரூன் மார்புக் கவசம் அடிக்க 99ஆம் படி வேண்டும். அணிகிறவனிடம் கேட்பதோ பாதுகாப்பில் 40ஆம் படி. அரக்கர்களைக் கொன்றாலே ரூன் ஆயுதங்கள் விழுகின்றன. பிறகு கொல்லனை யார் தேடுவார்கள்? மற்றப் பதிப்பில் 2019இல் இந்தக் கணக்கைத் திருத்தினார்கள். இதில் அப்படியே கிடக்கிறது.

92ஆம் படியில் சுத்தியலை வைத்துவிட்டேன். முடிவு கிட்டத்தான் என்று தோன்றும். ஆனால், 99க்கு வேண்டிய 1,30,34,431 புள்ளிகளில் அது ஏறக்குறைய சரிபாதிதான்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தையும் 2008இல் பாதியில் விட்டு வந்தவன் நான். அதற்குச் சொல்ல யுத்தம் இருந்தது. இதற்கு?