கையெழுத்துக்கு அவசரமில்லை

தினமும் காலையில் வானொலியில் போக்குவரத்துச் செய்தி வாசிப்பது என் வேலை. "கோப்பெங் அருகே விபத்து, வாகனங்கள் மெதுவாக நகர்கின்றன" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு அடுத்த பாட்டைப் போட்டுவிடுவேன். ஒருநாள் அப்படி வாசித்து முடித்துக் கைப்பேசியைப் பார்த்தால், அம்மாவிடமிருந்து ஐந்து அழைப்புகள். விழுந்து கிடந்தவன் என் தம்பி.

மோட்டாரில் ஈப்போவுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். சந்தியில் ஒரு கார் பார்க்காமல் திரும்பியது. வலது கால் இரண்டு இடத்தில் முறிவு.

கோலாலம்பூரிலிருந்து நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு பேர் வந்து போயிருந்தார்கள். ஒருவர் காரோட்டி. மூவாயிரம் வெள்ளி தருகிறேன், போலீஸ் வேண்டாம் என்றாராம். இன்னொருவர் 'வக்கீல் ஆபீஸ் ஆள்' என்று சொல்லிக்கொண்டு ஒரு பாரத்தைக் கொடுத்திருக்கிறார். இப்போது ஒரு சென்னும் வேண்டாம், பணம் வந்ததும் முப்பது விழுக்காடு போதும் என்று.

"வாங்கிக்கிட்டு விட்டுடலாம்மா. கோர்ட்டு கேஸுன்னு நம்மால அலைய முடியுமா?" என்றார் அம்மா. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். கொடுத்ததை வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டு வந்துதான் பழக்கம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மைக் முன்னால் மணிக்கணக்கில் பேசும் எனக்கே அந்தப் பாரத்தில் பாதி புரியவில்லை.

என் நிகழ்ச்சிக்கு ஒருமுறை வந்திருந்த வழக்கறிஞர் அக்காவை அழைத்தேன். "ரிப்போர்ட்டுக்குத்தான் அவசரம். கையெழுத்துக்கு அவசரமே இல்லை" என்றார் அவர்.

1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் செய்ய வேண்டும். தம்பி படுக்கையில் இருந்ததால் அப்பா போனார். ஆனால் வழக்குத் தொடரத் தீபகற்ப மலேசியாவில் பொதுவாக 6 ஆண்டுகள் இருக்கின்றன. மோதியது அரசாங்க வாகனம் என்றால் 3 ஆண்டுகள்தான். உயிரிழப்பு என்றால், 1956 சிவில் சட்டப்படி குடும்பத்தார் கேட்கவும் 3 ஆண்டுகளே.

2025 மே 13-ஆம் தேதியை நம் பேராக் மக்கள் மறந்திருக்க மாட்டோம். தெலுக் இந்தானில் சித்திரைத் திருவிழாப் பாதுகாப்புப் பணி முடிந்து திரும்பிய கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர், கல் ஏற்றி வந்த லோரி மோதி உயிரிழந்தார்கள். செய்தி சில நாளில் ஓய்ந்துவிடும். இப்படி ஒருவரை இழந்த வீட்டில் மூன்று ஆண்டு என்பது துக்கத்திலேயே ஓடிவிடும்.

அக்கா சொன்ன இன்னொன்று எங்களுக்குப் புதிது. தம்பி வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டதால் பெர்கேசோவிலும் கோரலாம். அங்கே தவறு யாருடையது என்ற கேள்வியே இல்லை. காரின் காப்புறுதி நிறுவனத்திடம் கேட்பது வேறு. வலி, மருத்துவச் செலவு, இழந்த சம்பளம் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். மூவாயிரத்தை வாங்கிக்கொண்டு 'இனி எதுவும் கோரமாட்டேன்' என்று எழுதிக் கொடுத்திருந்தால் அந்தக் கணக்கே சிக்கலாகியிருக்கும்.

அந்த முப்பது விழுக்காடு? ஜெயித்தால் இவ்வளவு பங்கு என்று வழக்கறிஞர் பேரம் பேசுவதை 1976 வழக்கறிஞர் தொழில் சட்டம் அனுமதிப்பதில்லை. பாரத்தைத் திருப்பிக் கொடுத்தோம். வசதியில்லாதவர்கள் ஈப்போவிலுள்ள அரசாங்கச் சட்ட உதவித் துறையில் விசாரிக்கலாம்.

வழக்கு இன்னும் முடியவில்லை. தம்பி கோலூன்றி நடக்கிறான். அம்மா மருந்து ரசீது, டாக்சி ரசீது, விடுப்புச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு மைலோ டின்னில் சேர்த்து வைக்கிறார்.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் மோட்டாரிலிருந்து விழுந்து கையைச் சிராய்த்துக்கொண்டான். மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே அம்மா கேட்டார்: "ரிப்போர்ட் போட்டாச்சாடா?"