வெயிலில் நிற்கும் மரம்

வாசலில் போட்டிருந்த என் தேக்கு பெஞ்சு இரண்டே கோடையில் தோலுரிந்துவிட்டது. கண்ணாடியாய் மின்னிய வார்னிஷ் சருகுசருகாய்ப் பெயர்ந்து, அடியில் மரம் சாம்பல் பூத்திருந்தது. அதன் கால் ஒன்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு தொண்டூருக்குப் போனேன். செஞ்சி வட்டாரத்தில் சமணர் குகையும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உள்ள ஊர் அது. அங்கே வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை போட்டு வேலை செய்கிறார் ஒரு முதிய தச்சர்.

நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “வார்னிஷ் மேல தப்பில்ல தம்பி. அடியில மரம் செத்துப்போச்சு. பிடிமானம் இல்லாம விட்டுடுச்சு.”

அவர் சொன்னதுதான் அறிவியலும். நிறமற்ற பூச்சின் வழியே புற ஊதாக் கதிர் உள்ளே புகுந்து, மர நார்களைப் பிணைக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. மேல்தோல் தளர்ந்ததும் அதைப் பற்றியிருந்த பூச்சும் கழன்றுவிடுகிறது. விரிசலில் இறங்கும் மழைநீர் சீக்கிரம் காய வழியில்லாமல் உள்ளேயே தங்குகிறது.

எதைத்தான் பூசுவது? அரக்கில் செய்யும் பிரெஞ்சு பாலிஷ் ஈரம் பட்டால் வெளுக்கும். மெலமைன் வீட்டுக்குள் மட்டும்தான். வெளிப்புறத்துக்கென்றே வரும் பாலியூரித்தேன் (பி.யு.) பூச்சில் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருள் உண்டு. ஆனால் அது வெடித்துவிட்டால் முழுவதையும் சுரண்டித்தான் மறுபடி அடிக்க வேண்டும். ஆளி விதை எண்ணெய் மரத்துக்குள் இறங்குவதால் உரியாது. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது திரும்பப் பூச வேண்டும்.

“எங்கப்பா காலத்துல முந்திரிக்கொட்டை எண்ணெய்தான். கறையான் அண்டாது. ஆனா மரம் கறுத்துடும், கையில பட்டா பொத்துடும். நிறம் ஏற ஏறத்தான் காவல் தம்பி. நிறமே வேணாம்னா, அடிக்கடி கவனிச்சுக்கணும்.”

பெஞ்சுக் காலை 120, பிறகு 180 உப்புத்தாளில் தேய்த்தார். தேக்கின் சொந்த எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னர் துணியால் துடைத்தெடுத்தார். தரையில் ஊன்றும் வெட்டு முனையை எண்ணெய் ஊற்றிய டப்பா மூடியில் நிறுத்தினார். அந்த முனைதான் தண்ணீரை அதிகம் குடிக்குமாம். பலகையின் அடிப்பக்கத்தையும் விடக்கூடாது, ஒரு பக்கம் மட்டும் பூசினால் வளையும் என்றார். மிஞ்சிய எண்ணெயைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் வெளியே விரித்துக் காயப்போட்டார். குவித்து வைத்தால் அது சூடேறித் தானே தீப்பற்றும்.

கொட்டகையின் மறுகோடியில் ஓர் இளைஞர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு பி.யு. அடித்துக்கொண்டிருந்தார். தின்னர் ஆவியைத் துண்டு தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். அந்தச் செலவு எந்தக் கூலிப் பேச்சிலும் வருவதில்லை.

என் பெஞ்சுக்கு எண்ணெயைத்தான் தேர்ந்தெடுத்தேன். ஒருமுறை பூசிவிட்டு மறந்துவிடக்கூடிய நிறமற்ற பூச்சு வெயிலுக்கும் மழைக்கும் கிடையாது. ஐப்பசி மழைக்கு முன் ஆண்டுக்கொரு நாள் உங்கள் வாசல் மரத்துக்கு ஒதுக்குங்கள். ஆள் வைத்துப் பூசுகிறவர்கள், அந்த முகமூடிக்கும் சேர்த்தே கூலி பேசுங்கள்.