கரடிக் காட்டில் இரண்டு ராத்திரி

"கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கரடி நடமாடும் காட்டிலா தூங்கப் போகிறீர்கள்?" போன ஜூன் மாதம் நாங்கள் மூன்று குடும்பமாக யோசெமிட்டிக்குக் கிளம்பியபோது ஊரிலிருந்து ஃபோன் செய்தவர்கள் எல்லாரும் இதைத்தான் கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. எங்களில் சின்னவளுக்கு எட்டு மாதப் பெண் குழந்தை. பிரசவத்துக்குப் பிறகு அவள் நாலு சுவருக்கு வெளியே அதிகம் வந்ததே இல்லை. ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது.

"அக்கா, நிஜமாச் சொல்லுங்க, நான் வரலாமா?" என்று என்னைத் தனியாகக் கேட்டாள்.

"தாராளமா வா. ஆனா சாமான் கட்டுறது மட்டும் நான் சொல்ற மாதிரி" என்றேன். நாங்கள் முன்பே இரண்டு தடவை போய் வந்தவர்கள்.

யோசெமிட்டி, கலிஃபோர்னியாவில் சியரா நெவாடா மலையில் இருக்கிறது. 1890-இல் தேசியப் பூங்கா ஆயிற்று. நாங்கள் இருக்கும் சான் ஹோசேயிலிருந்து காரில் நாலு மணி நேரம். அங்கே 300 முதல் 500 வரை கருங்கரடிகள் வாழ்கின்றன. பெயர்தான் கருங்கரடி, நிறம் பெரும்பாலும் நம் டிகாஷன் நிறம்! மனிதரைக் கண்டால் பொதுவாக ஒதுங்கிப் போகிற பிராணி. அதற்கு வேண்டியது நாமல்ல, நம் சாப்பாடு. குளிர்காலத் தூக்கத்துக்கு முன்னால் ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை தின்று கொழுப்புச் சேர்க்கும். பழமும் புல்லும் தேடி அலைவதைவிட, ஒரு டப்பா நெய் எவ்வளவு சுலபம்!

ஒரு காலத்தில் பூங்காக்காரர்களே குப்பையைக் கொட்டி, கரடி தின்பதை ஜனங்களுக்கு வேடிக்கை காட்டினார்களாம். 1940 வாக்கில்தான் அதை நிறுத்தினார்கள். ஆனாலும் கரடிகளின் நாக்கு ருசியை மறக்கவில்லை. 1998-இல் மட்டும் கார் கதவைப் பிய்த்தது, சாப்பாட்டைத் திருடியது என்று 1,500-க்கும் மேல் சம்பவங்கள். அதன்பின் இரும்புப் பெட்டிகளை நிறைய வைத்து, வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில், இப்போது அது மிகமிகக் குறைந்துவிட்டது.

இதில் மனதைப் பிசைகிற விஷயம் ஒன்று உண்டு. நம் சாப்பாட்டுக்குப் பழகிய கரடி பயம் விட்டுப்போய் மனிதர்களிடம் துணிந்து வர ஆரம்பிக்கும். கடைசியில் வேறு வழியில்லாமல் அதைக் கொன்றுவிடுகிறார்கள். நாம் அலட்சியமாக வைத்த ஒரு பிஸ்கெட் பாக்கெட் அதன் உயிருக்கே உலையாகிவிடும். அடுப்படியைச் சுத்தமாக வைக்கத் தெரிந்த நமக்கு இது கஷ்டமா என்ன?

கூடாரம் போடும் ஒவ்வொரு இடத்திலும் கரடி திறக்க முடியாத தாழ்ப்பாள் வைத்த இரும்புப் பெட்டி இருக்கிறது. வாசனை உள்ள எல்லாமே அதற்குள் போக வேண்டும். ராத்திரி காரிலும் வைக்கக் கூடாது, கூடாரத்திலும் கூடாது. புளியோதரை, தொக்கு, ஊறுகாய் மட்டுமல்ல. சோப்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், தைலம், மூடி திறக்காத டின்கள் கூட. குழந்தை இருந்தால் பால் புட்டி, பால் பவுடர், துடைக்கும் ஈரத்தாள், பால் சிந்திய துணி, ஏன், காரில் குழந்தையை உட்கார வைக்கும் இருக்கையில் கூட பிஸ்கெட் தூளும் பால் வாசனையும் இருக்கும். அதையும் எடுத்துவிட வேண்டும். பகலிலும் ஃபிரிட்ஜ் மாதிரிதான்: திற, எடு, உடனே மூடு. பையன்களின் கால்சட்டைப் பைகளை நானே உதறிப் பார்த்தேன். ஒருவனிடமிருந்து இரண்டு கடலை மிட்டாய் கிடைத்தது!

சனிக்கிழமை காலையில் வெர்னல் அருவிக்கு நடந்தோம். குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு சின்னவள் பாலம் வரை வந்தாள். ஒரு மைலுக்கும் குறைவுதான், ஆனால் நல்ல ஏற்றம். பெரிய பிள்ளைகள் அதற்கு மேல் 600 கல்படிகள் ஏறி, சாரலில் தொப்பலாக நனைந்து திரும்பினார்கள். படிகள் வழுக்கும், பிடிப்புள்ள காலணி அவசியம். மேலே தடுப்புக் கம்பியைத் தாண்டவே கூடாது. 2011-இல் அப்படித் தாண்டி ஆற்றில் இறங்கிய மூன்று பேர் அருவியோடு போய்விட்டார்கள்.

அன்று இருட்டுமுன் சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் துலக்கி, மிச்சத்தைக் கரடி திறக்க முடியாத குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் படுத்தோம். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை பாலுக்கு அழுதது. புட்டியும் வெந்நீர் ஃபிளாஸ்கும் பெட்டியில். சின்னவளும் அவள் கணவரும் டார்ச்சோடு கிளம்ப, துணைக்கு நானும் எழுந்தேன். புட்டியைக் கலக்கி, தாழ்ப்பாளைப் போட்டோம். மூன்று இடம் தள்ளி ஒரு மேஜையருகே, ஒரு பெரிய நிழல் அசைந்தது.

கரடிதான். காதில் அடையாள வில்லை டார்ச் வெளிச்சத்தில் மின்னியது. சின்னவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஓடக் கூடாது என்பது முதல் பாடம். நாங்கள் ஒன்றாகச் சேர்ந்து நின்று, கையை உயர்த்தி, "ஏய்! போ! போ!" என்று தொண்டை கிழியக் கத்தினோம். எங்கள் வீட்டுக்காரர் கூடாரத்திலிருந்து ஓடிவந்து தட்டில் கரண்டியால் அடித்தார். அக்கம்பக்கமெல்லாம் எழுந்து கத்த, கரடி அங்கிருந்த பெட்டியை ஒரு தரம் முகர்ந்துவிட்டு மரங்களுக்குள் போயே போய்விட்டது. குழந்தையோ, எதுவுமே நடக்காதது போல அப்பா தோளில் சாய்ந்து பாலைக் குடித்துக்கொண்டிருந்தது!

காலையில் காவல் அதிகாரியான ஒரு பெண்மணியிடம் விவரம் சொன்னோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "அதற்குத் தின்ன ஏதாவது கிடைத்ததா?" என்பதுதான். "ஒன்றும் கிடைக்கவில்லை" என்றதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! வெறுங்கையோடு திரும்பும் கரடிதான் நாலு நாளில் இந்தப் பக்கம் வருவதை விடுமாம். எங்கள் சின்னவளுக்குப் பயம் போய், ஏதோ ஒரு உயிரைக் காப்பாற்றின பெருமை வந்துவிட்டது.

மகன், மகள் வீட்டுக்கு வரும் அம்மாமார்களுக்கு ஒரு வார்த்தை. காட்டுக்குக் கூப்பிட்டால் மறுக்காமல் போங்கள். கூடாரமிடும் இடத்துக்கு ஐந்து மாதம் முன்பே பதிவு செய்யச் சொல்லுங்கள். ஜூனிலும் ராத்திரி குளிரும். ஸ்வெட்டர், குல்லாய், கம்பளிக் காலுறை கட்டாயம். எண்ணெய் அதிகமில்லாத, கட்டிச் சாப்பிடும் பண்டங்களே போதும். படுக்கும் முன் புடவை முந்தானையை மறக்காமல் பாருங்கள். அதில் முடிந்து வைத்த ஏலக்காயும் பெட்டிக்குள்தான் போக வேண்டும்.