போர்டு புதுசு... டிஸ்க் பழசு... ஊர் கெங்கவல்லி!

லீவு விட்டால் நீங்க எல்லாம் ஏற்காடு, கொடைக்கானல்னு கிளம்புவீங்க. நான் போனது கெங்கவல்லி. "அது எங்கடா இருக்கு?"ன்னு ஹாஸ்டல்ல பாதிப் பேர் கேட்டாங்க. உங்களுக்கும் அதே டவுட்டா? சேலம் மாவட்டத்தோட கிழக்கு ஓரம், ஆத்தூர் பக்கம் இருக்கிற பேரூராட்சி. தாலுகா ஆபீஸ் உண்டு. 2011 தேர்தலிலிருந்து அந்தப் பேரில் சட்டமன்றத் தொகுதியும் உண்டு. ஒரு பக்கம் கொல்லிமலை, இன்னொரு பக்கம் பச்சைமலை, நடுவில் சுவேத நதி. நதின்னு பேர்தான் பெரிசு. நான் பார்த்த அன்னிக்கு மணல்தான் ஓடிக்கிட்டிருந்தது!

என் பையில் கேமரா இல்லை, கூலிங் கிளாஸ் இல்லை. ஒரு மதர்போர்டு, அதில் உட்காரப்போற பிராசசர், ரெண்டு ராம், ஒரு ஸ்பூன் அளவு தெர்மல் பேஸ்ட். எல்லாத்தையும் லுங்கியில் சுத்தி வச்சிருந்தேன். விஷயம் இதுதான்...

கெங்கவல்லியில் என் மாமா டிடிபி சென்டர் வச்சிருக்கார். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, கருமாதின்னு சுத்துப்பட்டு ஊர்களுக்கெல்லாம் பத்திரிகை அடிக்கிற கடை. போன மாசம் ஒரு நாள் ராத்திரி போன். "மாப்ள, மிசினு உயிரை விட்ருச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு காதுகுத்துப் பத்திரிகை குடுக்கணும். அதைக்கூட சமாளிச்சுருவேன். உள்ள இருக்கறதெல்லாம் போச்சுன்னா நான் செத்தேன்"னார்.

போட்டோ அனுப்பச் சொன்னேன். பார்த்ததுமே புரிஞ்சது. பிராசசர் பக்கத்தில் வரிசையா நிக்கிற கெப்பாசிட்டர்கள் தலை உப்பி, பழுப்பு நிறத்தில் கசிஞ்சு கிடந்தது. கோர் 2 டுவோ காலத்து ஜி31 போர்டு. வோல்டேஜ் ஏறி இறங்குற ஊரில் அது இத்தனை வருஷம் தாங்கினதே பெரிசு.

"புது கம்ப்யூட்டரே வாங்கிட வேண்டியதுதானே?"ன்னு நீங்க கேட்பீங்க. நானும் கேட்டேன். அதுக்கு பதில் கடைசியில்தான் கிடைச்சது. அதுக்கு முன்னாடி ரிச்சி ஸ்ட்ரீட் போயிட்டு வந்துடலாம்.

மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு எல்லாம் சேர்ந்து ஒரே எலெக்ட்ரானிக்ஸ் திருவிழா. அங்கே முதல் கடையிலேயே புது ஜெனரேஷன் போர்டைத் தூக்கி முன்னால் வச்சாங்க. ஆசையாத்தான் இருந்தது. ஆனா மாமாவோட டிஸ்க்கில் இருக்கிறது 32 பிட் விண்டோஸ் 7. இன்டெல்லோட புது போர்டுகளில் பழைய லெகசி பூட்டை எடுத்துட்டாங்க. எம்பிஆர் முறையில் பிரிச்ச பழைய டிஸ்க்கிலிருந்து அது கிளம்பவே கிளம்பாது. அப்படியே கிளப்பினாலும் அந்த யுஎஸ்பி போர்ட்டுகளுக்கு விண்டோஸ் 7-க்குள் டிரைவர் கிடையாது. கீபோர்டும் மவுஸும் செத்துப் போன மாதிரி கிடக்கும். அதனால் நான்காம் தலைமுறை ஐ5, ஒரு எச்81 போர்டு, டிடிஆர்3 ராம்னு நடுவாந்திரமா ஒரு செட் தேடினேன். பிராசசர் செகண்ட் ஹேண்ட். பேரம் பேசும்போது கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "தம்பி, மியூசியம் வைக்கப் போறீங்களா?"ன்னார். கிட்டத்தட்ட அப்படித்தாண்ணே!

ராத்திரி பஸ். உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, சின்னசேலம், தலைவாசல்... விடியக்காலையில் ஆத்தூர். அங்கிருந்து கெங்கவல்லி பஸ்ஸில் ஜன்னல் சீட். அந்த ரூட்டை மிஸ் பண்ணிடாதீங்க பாஸ். ரெண்டு பக்கமும் மரவள்ளிக் காடு, நடுநடுவே மக்காச்சோளம், பாக்குத் தோப்பு. ஆத்தூர் வட்டாரமே சேகோ மில்லுக்குப் பேர் போனது. சிமென்ட் களத்தில் வெள்ளை வெளேர்னு காயுற ஜவ்வரிசியும், மூக்கைத் துளைக்கிற அந்தப் புளிச்ச வாசனையும் வந்தால் ஊர் வந்தாச்சுன்னு அர்த்தம்.

வீட்டில் அத்தை, "மொதல்ல சாப்புடு கண்ணு, பொட்டி எங்க ஓடிப்போகுது?"ன்னு ஆறு இட்லி வச்சாங்க. அதுக்கப்புறம்தான் ஸ்குரூ டிரைவரையே தொட விட்டாங்க.

இங்கே ஒரு நிமிஷம். நீங்க இதைச் செய்யப் போறீங்கன்னா போர்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி டிஸ்க்கைக் காப்பி எடுங்க. இதில் காம்ப்ரமைஸே கிடையாது! சாட்டாவிலிருந்து யுஎஸ்பிக்கு மாத்துற கேபிள் ஒண்ணு கொண்டு போயிருந்தேன். டிஸ்க்கை வெளியே எடுத்து என் லேப்டாப்பில் மாட்டினேன். அந்தக் காலத்து 320 ஜிபி டிஸ்க், கரகரன்னு ஆட்டுக்கல் மாதிரி சத்தம். மாமா பக்கத்தில் நின்னு ஒவ்வொரு கரகரவுக்கும் எச்சில் முழுங்கினார். ரெண்டு மணி நேரம் ஓடிச்சு. வந்துடுச்சு எல்லாம்.

காப்பி ஓடும்போதே சும்மா ஒரு வேர்டு ஃபைலைத் திறந்து பார்த்தேன். 'அன்புடையீர்' இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ இங்கிலீஷ் எழுத்தும், கொம்பு முளைச்ச குறிகளும்! ஃபைல் கெட்டுப் போகலை. அது யூனிகோடுக்கு முந்தின தமிழ். அப்போ ஒவ்வொரு ஃபான்ட் கம்பெனியும் 'அ'வை எந்த நம்பரில் உட்கார வைக்கணும்னு தன் இஷ்டத்துக்கு முடிவு பண்ணிச்சு. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. 'தமிழ் 99' கீபோர்டு அதில் வந்ததுதான். 2010-ல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் அரசுத் தரமா அறிவிச்சது. ஆனா அதுக்கெல்லாம் முன்னாடியே மாமாவோட கை ஒரு ஃபான்ட்டில் பழகிப் போச்சு. டிசைன் எல்லாம் பேஜ்மேக்கரில். அந்த சாஃப்ட்வேரோட கடைசி பதிப்பான 7.0 வந்தது 2001-ல்! அந்த ஃபான்ட்டும் அந்த சாஃப்ட்வேரும் இல்லாத மெஷினில் இந்த ஃபைல்கள் வெறும் கிறுக்கல்.

சரி, ஆபரேஷனுக்கு வருவோம். இரும்புப் பெட்டியைத் தொட்டு கையில் இருக்கிற ஸ்டாட்டிக்கை இறக்கினேன். பழைய போர்டைக் கழட்டினதும் உள்ளே ஒரு பல்லி முட்டை, அரைக்கிலோ தூசி. பழைய ஃபேனையே மாட்டிடலாம்னு நினைக்காதீங்க. புது சாக்கெட்டில் ஓட்டைகளோட இடைவெளி வேற, பிராசசரோடவே கூலர் வாங்கிக்கணும். பேஸ்ட் பட்டாணி அளவு போதும். மாமா முழு ட்யூபையும் பிதுக்கச் சொன்னார், கல்யாண வீட்டில் சந்தனம் பூசுற மாதிரி!

பவர் பட்டன். ஃபேன் சுத்துது. விண்டோஸ் லோகோ வருது. மாமா கை தட்டப் போறார்... பளிச்சுனு நீல ஸ்கிரீன். ஸ்டாப் எரர், கடைசியில் 7, பி. ரீஸ்டார்ட். மறுபடி அதே நீலம். மாமா முகத்தைப் பார்க்க எனக்கே தைரியம் இல்லை.

இது எதனால்னு சொல்றேன். பழைய ஜி31 போர்டு டிஸ்க்கோட ஐடிஇ முறையில்தான் பேசும். வேற பாஷையே அதுக்குத் தெரியாது. புது போர்டு ஏஎச்சிஐ பேசுது. விண்டோஸ் 7-க்கு அந்த பாஷையும் தெரியும். ஆனா தேவைப்படலைன்னு அந்த டிரைவரை ஆஃப் பண்ணி வச்சிருக்கும். அதனால் பாதி பூட் ஆனதும் தன் டிஸ்க்கையே அதுக்கு அடையாளம் தெரியலை. வைத்தியம் சிம்பிள். பயாஸில் சாட்டா மோடை ஐடிஇ-க்கு மாத்தினேன். கிளம்பிடுச்சு! உள்ளே போய் ரெஜிஸ்ட்ரியில் 'எம்எஸ்ஏஎச்சிஐ' சர்வீஸோட ஸ்டார்ட் மதிப்பை 0 ஆக்கினேன். திரும்ப பயாஸில் ஏஎச்சிஐ. இப்போ நீலம் இல்லை. ரெண்டே நிமிஷ வேலை. இது தெரியாமல் எத்தனை பேர் டிஸ்க்கை ஃபார்மட் பண்ணிட்டு அழுதிருப்பாங்களோ!

லைசென்ஸ் திரும்பக் கேட்டது. மாமா அந்தக் காலத்திலேயே ரீடெயில் பெட்டி வாங்கியிருந்தார். பீரோவில் புடவைக்கு அடியிலிருந்து அத்தை எடுத்து வந்தாங்க. கம்ப்யூட்டரோடவே வர்ற ஓஇஎம் லைசென்ஸா இருந்தால் பழைய போர்டோட அதுக்கும் கருமாதி. அப்புறம் மாமா, "எட்டு ஜிபி ராம் போட்டேன்னு சொன்ன, மூணு சொச்சம்தானே காட்டுது?"ன்னு சந்தேகமாப் பார்த்தார். 32 பிட் விண்டோஸ் அவ்வளவுதான் மாமா தொடும்!

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோட மைக்ரோசாஃப்ட் கைகழுவிடுச்சு. அதனால் லைசென்ஸ் வேலை முடிஞ்சதும் நெட் கேபிளைப் பிடுங்கிட்டேன். மெயில், ஜிபே எல்லாம் போனில் வச்சுக்கோங்கன்னு கண்டிஷன். உங்க கதை வேற. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கும் வழக்கமான சப்போர்ட் முடிஞ்சாச்சு. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தின பிராசசர்னா பெரும்பாலும் விண்டோஸ் 11 ஏத்துக்காது. நீங்க தைரியமா புது போர்டே போடுங்க. ஆனா பிட்லாக்கர் ஆனில் இருக்கான்னு பார்த்து ரெக்கவரி கீயை பேப்பரில் எழுதிக்கோங்க. அது பழைய போர்டில் இருக்கிற டிபிஎம் சிப்போட கட்டிப் போட்டது. போர்டு மாறினால் கீ கேட்கும், இல்லைன்னா டிஸ்க் செங்கல்தான்.

சாயங்காலம் பேஜ்மேக்கர் திறந்தது. அப்போ ஒரு பெரியவர் வந்தார், காதுகுத்துப் பார்ட்டி. "மவன் கல்யாணப் பத்திரிகை இருக்கும் பாரு, அதையே எடு"ன்னார். மாமா தேடவே இல்லை, நேரா ஃபோல்டருக்குப் போனார். கெங்கவல்லி, வீரகனூர், தெடாவூர், தம்மம்பட்டின்னு ஊர் ஊரா, வருஷம் வருஷமா. பழைய பத்திரிகையில் தாய்மாமன் வரிசை, பங்காளி வரிசை, யார் பேர் முதலில் வரணும், யாரை விட்டால் சண்டை வரும், எல்லாம் அப்படியே இருக்கு. பெரியவர் ஸ்கிரீனைத் தடவிப் பார்த்துட்டு, "இவ பேருக்கு முன்னால தெய்வத்திருன்னு போட்ருப்பா"ன்னார். அவர் சம்சாரம். மாமா அந்தப் பேரை கட் பண்ணி மேல் வரிசைக்குக் கொண்டுபோனார். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசலை. புது கம்ப்யூட்டரே வாங்கிடலாமேன்னு நான் கேட்டதுக்கு பதில் அப்போதான் எனக்குக் கிடைச்சது.

ஞாயித்துக்கிழமை ஆத்தூர் பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ் ஏறி உட்கார்ந்தேன். பையில் அத்தை குடுத்த ஜவ்வரிசி வடகம், இன்னொரு காப்பி டிஸ்க். போன் அடிச்சுது.

"மாப்ள, கெளம்பிட்டியா? நம்ம பழைய ஸ்கேனரு இருக்குல்ல, அகலமா ஒரு பின்னு வருமே... அதைச் சொருக இந்த போர்டுல எடமே இல்லியே?"