போர்ட்லாண்டில் கவாத்துக் காலம்

போர்ட்லாண்ட், ஒரிகன்
பிப்ரவரி

அன்புள்ள நண்பா,

காதலர் தினம் முடிந்துவிட்டது. ஓசூரில் உன் பசுமைக்குடில் பூவெல்லாம் பெட்டியேறிப் போயிருக்கும். இங்கே ரோஜாத் தோட்டத்தில் பேருக்கு ஒரு பூ இல்லை. வாஷிங்டன் பூங்காவின் மேட்டுச் சரிவில் படிப்படியாக இறங்கும் இந்தத் தோட்டம் 1917-ல் தொடங்கியது. முதல் உலகப் போரின் குண்டுவீச்சில் ஐரோப்பிய ரகங்கள் அழிந்துவிடக் கூடாதென்று அங்கிருந்து செடிகளை வரவழைத்துக் காத்தார்கள். இன்று சுமார் 10,000 செடிகள். ஜூனில் வருகிறவர்களுக்குப் பூ. எனக்கு மழையில் நனைந்த முள்ளும் குச்சியும். ஆனால் கவாத்து நேரமாயிற்றே, விடுவேனா!

எப்போது வெட்டுவது என்றால் 'பிரசிடென்ட்ஸ் டே' என்கிறார்கள். பிப்ரவரி மூன்றாம் திங்கட்கிழமை வரும் அரசு விடுமுறை. ஜனாதிபதிகளுக்கும் ரோஜாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மறக்காமலிருக்க ஒரு நாள், அவ்வளவுதான்.

நீ சந்தை நாளை வைத்துப் பின்னோக்கி எண்ணி டிசம்பரில் வெட்டுகிறாய். இவர்கள் எண்ணுவது உறைபனியை. வெட்டியதும் செடி விழித்துத் துளிர்விடும். ஜனவரியில் நாலு நாள் வெயில் அடிக்கிறதே என்று கத்தரியை எடுத்தால், அடுத்த பனியில் துளிர் கருகிவிடும். ரொம்பத் தள்ளிப்போட்டாலோ, சேர்த்துவைத்த சத்தையெல்லாம் செடி நுனித் துளிரில் கொட்டியிருக்கும். அதையேதான் வெட்டி எறிய வேண்டிவரும். அதனால் சிலர் காலண்டரை விட்டுவிட்டு ஃபோர்சித்தியாவைப் பார்க்கிறார்கள். இலை வருமுன்னே மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் புதர்ச்செடி அது; குளிர் தணியத் தணியத்தான் பூக்கும். ஒரிகனின் மலைத்தொடருக்குக் கிழக்கே குளிர் நீளும் ஊர்களில் ஏப்ரல்கூட ஆகும்.

என்னைக் கேட்டால் ரோஜாவின் கண்ணையே, அதாவது கிளையில் துளிர் கிளம்பும் இடத்தையே, பார்க்கலாம். சிவந்து புடைத்திருந்தால், வெளிப்பக்கம் நோக்கிய கண்ணுக்குக் கால் அங்குலம் மேலே வெட்ட வேண்டியதுதான். இலையுதிர் காலத்தில் முழுக் கவாத்து கிடையாது. காற்றில் செடி ஆடி வேர் தளராதபடி நெட்டைக் கிளைகளை மட்டும் குறைத்துவிடுகிறார்கள்.

வருடத்துக்கு ஒரே தரம் பூக்கும் பழைய ரகங்களை இப்போது தொடவே கூடாது. அவை பூப்பது போன வருடத்துக் கிளையில். பூத்து ஓய்ந்த பிறகே அவற்றுக்குக் கத்தரி.

கல்யாண சீசனுக்கு நீ அடுத்து எப்போது வெட்டப் போகிறாய்? எழுது.

அன்புடன்,
உன் நண்பன்