வாப்பாட ரெக்கோர்ட் பிளேயரும் நான் மறைச்ச ஒரு விஷயமும்

டயகம பஸாரில் எங்கட வாப்பாட கடையைத் தெரிஞ்ச பழைய ஆட்களுக்கு அந்த ரெக்கோர்ட் பிளேயரையும் தெரிஞ்சிருக்கும். அந்தியில் மூடுபனி இறங்கும் நேரம் நாகூர் ஹனிபாவின் குரல் ரோட்டுக்குக் கேட்கும்.

எனக்கு அப்போ பன்னிரண்டு வயது. தூசி துடைக்கிறேன் என்று போய், ஊசி பொருத்தியிருக்கும் காட்ரிஜ்ஜைக் கழற்றிப்போட்டேன். ரெண்டே ரெண்டு சின்னத் திருகாணிதான். வாப்பா லுஹர் தொழுதுவிட்டு வர முந்தி, கண்ட மாதிரிப் பின்னால் தள்ளி இறுக்கிவிட்டேன். பாட்டு கேட்டது. நான் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தட்டிலும் கடைசிப் பாட்டு இரையத் தொடங்கியது. 'ச', 'ஷ' வரும் இடமெல்லாம் மண்ணெண்ணெய் அடுப்பு சீறுற மாதிரி. வாப்பா கொஞ்ச நாள் தட்டுகளைக் குறை சொன்னார். பிறகு, "என்ட காதுதான் பழுது" என்று சொல்லி, கடைசிப் பாட்டு வர முந்தியே கையைத் தூக்கி வைக்கப் பழகிவிட்டார்.

போன லீவுக்குத் தம்பி கொழும்பிலிருந்து புது ஊசி கொண்டுவந்து மாட்டினான். இரைச்சல் அப்படியே இருந்தது. எனக்குத்தான் நெஞ்சு திக்கென்றது.

தேடி வாசித்தேன். பத்தனை கல்வியியற் கல்லூரியில் படித்த கேத்திர கணிதம் இதற்கு உதவும் என்று நினைத்ததே இல்லை. தட்டை வெட்டும் இயந்திரத்தின் முனை ஆரை வழியே நேராக உள்ளே போகிறது. நம்ம பிளேயரின் கையோ ஒரு மூலையில் பூட்டியிருப்பதால் வில்லாக வளைந்து போகிறது. அதனால் ஊசி எல்லா இடத்திலும் பள்ளத்துக்குத் தொடலியாக இருக்க முடியாது. மிஞ்சிப்போனால் இரண்டு இடத்தில்தான் சரியாக அமையும். 1938இல் லோஃப்கிரென், 1941இல் பேர்வால்ட் என்ற இருவர் இதற்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த இரண்டு இடங்கள் நடுவிலிருந்து 66 மில்லிமீற்றரிலும் சுமார் 121 மில்லிமீற்றரிலும் வருகின்றன.

கடைசிப் பாட்டு மட்டும் ஏன்? பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே கணக்குப் போடலாம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று. 146 மில்லிமீற்றர் ஆரையுள்ள வெளி வட்டத்தில் செக்கனுக்கு ஏறத்தாழ 51 சென்ரிமீற்றர் பள்ளம் ஊசிக்கடியில் ஓடும். 60 மில்லிமீற்றரில் வெறும் 21தான். அதே ஒலி பாதிக்கும் குறைந்த நீளத்துக்குள் நெருக்கியடித்துக் கிடக்கும். கோணம் கொஞ்சம் பிசகினாலும் அங்கேதான் முதலில் தெரியும்.

இதற்கென்றே ஒரு பாகைமானித் தாள் இருக்கிறது. தலவாக்கலையில் அச்சடித்தேன். முதல் தாள் சுருங்கி வந்திருந்தது, அடிமட்டம் வைத்துப் பார்த்ததால் தப்பினேன். (பிள்ளைகளே, அளந்து பாருங்க என்று டீச்சர் சும்மா கத்துறதில்லை.) இரண்டாவது தாளை நடு ஆணியில் மாட்டி, கரண்டை நிறுத்திவிட்டு, ஊசியை 66இன் புள்ளியில் மெதுவாக வைத்தேன். காட்ரிஜ்ஜின் பக்கங்கள் கோடுகளுக்குச் சமாந்தரமாக இல்லை, நன்றாகவே திரும்பியிருந்தன. திருகாணியைத் தளர்த்தி முன்னால் நகர்த்தி, மற்றப் புள்ளியில் பார்த்து, திரும்ப முதல் புள்ளிக்கு வந்து... டோர்ச் வெளிச்சத்தில் ஒன்றரை மணித்தியாலம். மொத்தமாக நகர்ந்தது நாலு மில்லிமீற்றர் அளவுதான் இருக்கும்.

இஷாவுக்குப் பிறகு வாப்பாவை உட்கார வைத்து ஹனிபா தட்டைப் போட்டேன். முதல் பாட்டுகளில் தேய்ந்த கரகரப்பு இருக்கத்தான் செய்தது. அதற்கு மருந்தில்லை. கடைசிப் பாட்டுக்கு முன் வழக்கம்போல அவர் கை எழும்பியது. "விடுங்க வாப்பா" என்றேன்.

அவர் இத்தனை வருஷம் ஊசி படாமல் தூக்கி வைத்ததால் அந்தப் பள்ளங்கள் அவ்வளவாகத் தேயாமல் இருந்திருக்கு. குரல் தெளிவாக வந்தது.

"அப்ப என்ட காது இல்லயா?" என்றார்.

அப்போதுதான் சொன்னேன். எல்லாத்தையும்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "இருவது வருஷத்துக்கு மேலயா மகள்?" கோபம்தான், குரலில் தெரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாட்டு முடிந்து ஊசி நடுவில் சுற்றிக்கொண்டிருந்தது.

"மத்தப் பக்கத்தத் திருப்பிப் போடு" என்றார். "அதுலயும் கடைசிப் பாட்டு ஒண்டு இருக்கு."