இரண்டாவது ஒயர்

அதிவேக இன்டர்நெட் இந்திய வீடுகளுக்கு எப்போது வந்தது என்று அமைச்சகத்தைக் கேட்டால் கொள்கை அறிவிப்புகளின் தேதிகளைச் சொல்வார்கள். தெருவில் குடியிருப்பவர்கள் சொல்லும் கணக்கு வேறு. எதிர்வீட்டுக்கு இன்னொரு கம்பெனியின் ஒயர் வந்த பிறகுதான் பழைய கம்பெனிக்காரர் போனை எடுக்கவே ஆரம்பித்தார் என்பார்கள். அந்தக் கணக்குதான் உண்மைக்கு அருகில் இருக்கிறது.

1995 ஆகஸ்ட் 15ல் விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டபோது தெருவில் இருந்தது ஒரே ஒயர். மோடம் கீச்சிட்டு முடித்து இணைப்பு கிடைத்தால், வீட்டு டெலிபோன் முடங்கிவிடும். ஊரிலிருந்து யாராவது அழைத்தால் எங்கேஜ்டு டோன்தான். இன்டர்நெட் கட்டணம் ஒருபுறம், டெலிபோன் பில் மறுபுறம். 1998 நவம்பரில் தனியார் கம்பெனிகளுக்குக் கதவு திறந்தது. கடைகள் பெருகின, ஆனால் வீட்டுக்குள் நுழையும் வழி பெரும்பாலும் அதே அரசு செப்புக் கம்பிதான்.

அந்தக் கம்பியை மற்றவர்களுக்கும் வாடகைக்கு விட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2004ல் சிபாரிசு செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த பிராட்பேண்ட் கொள்கை அதைக் கட்டாயமாக்காமல் விட்டுவிட்டது. 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அது பிராட்பேண்ட் என்றது கொள்கை. 2010க்குள் 2 கோடி இணைப்புகள் என்று இலக்கு வைத்தது. அந்த ஆண்டு முடிவில் எட்டியது சுமார் 1.1 கோடி.

அன்றைய பிரபலமான திட்டம் ஒன்றில் மாத அளவைத் தாண்டினால் ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் காசு. இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை மட்டும் அளவில்லை. ஆகவே அலாரம் வைத்து எழுந்து, டவுன்லோடைத் தட்டிவிட்டு மீண்டும் படுக்கும் ஒரு தலைமுறையே உருவானது. ஒரே கடை இருக்கும் ஊரில் கடைக்காரர் திறக்கும் நேரம்தான் நேரம்.

ஏகபோகத்தை முதலில் அசைத்தவர் நம் கேபிள்காரர். மொட்டை மாடிக்கு மொட்டை மாடி ஒயரை இழுத்து டி.வி. காட்டியவர், அதே வழியில் இன்டர்நெட்டையும் இழுத்து வந்தார். மழை பெய்தால் நின்றுபோகும். இடி விழுந்தால் பெட்டி கருகும். சொன்ன வேகத்தில் பாதி வந்தால் அதிர்ஷ்டம். ஆனால் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் ஏணியோடு வந்து நிற்பார். பெரிய கம்பெனிகளுக்கு அந்த ஏணி ஒரு பாடம்.

அதன்பின் கண்ணாடி இழை வந்தது. 2017ல் ஹைதராபாத் வீடுகளுக்கு நொடிக்கு 1 கிகாபிட் வேகம் விற்பனைக்கு வந்தது. 2019 செப்டம்பரில் ஜியோ 100 மெகாபிட்டை 699 ரூபாய்க்குக் கொடுக்க ஆரம்பித்தது. அடுத்த ஆண்டே 30 மெகாபிட், அளவில்லாமல், 399 ரூபாய் என்றது. ஏர்டெல் 40 மெகாபிட்டை 499 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. பக்கத்து ஒயரைப் பார்த்த பயம் பல ஆண்டுக் கொள்கைகளால் முடியாததைச் செய்தது.

இந்தப் போட்டி பல இடங்களில் அபார்ட்மென்ட் கேட்டோடு நின்றுவிடுகிறது. கட்டியவரோ குடியிருப்போர் சங்கமோ ஒரே கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுவிட்டால், இன்னொரு கம்பெனியின் ஆள் ஏணியோடு வந்தாலும் வாட்ச்மேன் திருப்பி அனுப்பிவிடுவார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மூன்று கம்பெனிகள் விலையைக் குறைத்துக்கொண்டிருக்க, லட்சங்களைக் கொட்டி வீடு வாங்கியவர்கள் 1995க்குத் திரும்பியிருப்பார்கள்.

சங்கங்கள் சொல்லும் காரணத்தை அலட்சியப்படுத்த முடியாது. ஆளாளுக்குச் சுவரைத் துளைத்தால் மழைநீர் இறங்கும். மாடிப்படி முழுக்க ஒயர் தொங்கும். ஆனால் அதற்கு மருந்து, கட்டடத்துக்குள் பொதுவாக ஒரே ஒரு பாதை அமைத்து எல்லாக் கம்பெனிகளும் சம கட்டணத்தில் பயன்படுத்த விடுவது. பிரான்ஸ் 2008லேயே சட்டம் போட்டது: ஒரு கட்டடத்தில் முதலில் இழை போடுபவர் மற்றவர்களுக்கும் வழிவிட வேண்டும். இங்கேயும் 2017 ஜனவரியில், கட்டடத்துக்குள் மற்றவர்களைத் தடுக்கும் தனி ஒப்பந்தங்கள் கூடாது என்று டிராய் சிபாரிசு செய்தது. 2024ல் டிஜிட்டல் வசதியைப் பொறுத்துக் கட்டடங்களுக்குத் தரமதிப்பு வழங்கும் விதிமுறையும் வந்தது. புதுக் கட்டடங்களுக்கு நல்லது. பழைய குடியிருப்புகளுக்கு இது போதாது.

ஒயரே வராத வீடுகள்தான் அதிகம். 2011 கணக்கெடுப்பிலேயே நாட்டில் 24 கோடிக்கு மேற்பட்ட குடும்பங்கள் இருந்தன. 2025ல் ஒயர்வழி பிராட்பேண்ட் இணைப்புகள் 4 கோடிக்குச் சற்றுதான் மேல். மற்றவர்களுக்கு செல்போன்தான் எல்லாம். 2020ல் பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்தபோது, ஒரே போனை அண்ணனும் தங்கையும் முறைவைத்துப் பிடித்த வீடுகளில் அதன் பொருள் புரிந்தது. பெரிய கம்பெனிகள் லாபமில்லை என்று ஒதுக்கும் சந்துகளுக்கு இன்னும் கேபிள்காரர்தான் கதி. மொத்த விலையில் அவருக்கு நியாயமாக இணைப்பு கிடைத்தால்தான் அந்தச் சந்தும் பிழைக்கும்.

அபார்ட்மென்ட்வாசிகள் டெல்லியின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பெயின்ட், பார்க்கிங், தண்ணீர் லாரி என்று மணிக்கணக்கில் சண்டை போடும் பொதுக்குழுவில், இன்டர்நெட் ஒப்பந்தம் டீ வரும் நேரத்தில் கைதூக்கி நிறைவேறிவிடுகிறது. அடுத்த முறை கைதூக்கும் முன் செயலாளரிடம் ஒன்று கேட்கலாம்: இந்தக் கம்பெனி சரியில்லையென்றால் வேறொன்றை உள்ளே விடுவீர்களா?